உதவியும் சம்பளமும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளிக்கு வாழ்வாதார உதவி கிடைக்கப்போகிறது என்றால், அது என்னவாக இருக்கும் என்று ஊரில் எவரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெண் என்றால் தையல் மெஷின். ஆண் என்றால் பெட்டிக்கடைக்குச் சாமான், இல்லையேல் இரண்டு ஆடு. இருவருக்கும் பொதுவாகக் கோழிக்குஞ்சும் கூடும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் வந்துபோன பின்னர் தொடங்கி, 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்தபோது பெருகிய இந்தப் பட்டியல் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அரச திணைக்களம் கொடுத்தாலும், வெளிநாட்டு நிறுவனம் கொடுத்தாலும், கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ காசு அனுப்பும் உறவினர் கொடுத்தாலும் கையில் வந்து சேர்வது இவைதான்.

கொடுத்தவர்களின் மனதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வெறுங்கையோடு நின்ற பல குடும்பங்களை அந்த மெஷினும் ஆடும் தாங்கிப் பிடித்தன. ஆனாலும் இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கணக்குப் பார்க்காமல் இனியும் தொடர்வது சரியல்ல.

பெட்டிக்கடையையே எடுத்துக்கொள்வோம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றில், இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத ஒருவர் தன் வீட்டு வாசலில் கடை போடுகிறார். சீனி, பருப்பு, சவர்க்காரம், வெற்றிலை பாக்கு, பிள்ளைகளுக்கு இனிப்பு. சாமான் எடுக்க அவரால் டவுனுக்குப் போக முடியாது; ஆட்டோ பிடித்தால் இலாபம் கூலியிலேயே போய்விடும். ஆகவே வானில் கொண்டுவந்து தருபவர் சொல்லும் விலைக்கு வாங்குகிறார். அடுத்த சந்திக் கடைக்காரரோ மோட்டார் சைக்கிளில் போய் மொத்த விலைக்கு எடுத்து வருகிறார். ஒரு சாமானுக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம். அந்த ஐந்து ரூபாயைப் பொருட்படுத்தாமல் இவரிடம் வருவோரில் பெரும்பாலானோர் கடனுக்கு வருபவர்கள். கொப்பி தடிக்கிறது. வெள்ளாமை வெட்டியதும் தருகிறோம் என்பார்கள். மார்கழி வெள்ளத்தில் வயல் அள்ளுண்டால் அந்தப் பேச்சும் இல்லை. கடனை வாங்க வீடு வீடாகப் போக இவரால் ஆகாது. முதல் கரைந்து இறாக்கை வெறுமையாகிறது. அடுத்த வருடம் இன்னொரு நிறுவனம் வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்கும்போது, கடைக்குச் சாமான் என்றே மறுபடியும் சொல்வார். வேறு எதையும் கேட்கலாம் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.

திட்ட அறிக்கையில் இவர் சுயதொழில் செய்பவர். உண்மையில் ஒரு வியாபாரத்தின் முழு ஆபத்தும் இவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. கொள்முதல், போக்குவரத்து, சந்தை, வராக்கடன் என்று உடல் வலுவுள்ளவர்களே திணறும் சுமைகளை, ஊரில் அதற்கு ஆகக் குறைந்த வசதி உள்ளவரிடம் கொடுத்திருக்கிறோம். உலகில் பெரும்பாலானோர் முதலாளிகள் அல்லர். ஆபத்தை வேறொருவர் சுமக்க, தாம் வேலையைச் செய்துவிட்டு மாத முடிவில் சம்பளம் வாங்குகிறவர்கள். மாற்றுத்திறனாளிக்கு மட்டும் அந்த வழி ஏன் அடைபட்டுக் கிடக்கிறது, அதைத் திறந்து காட்டிய தொழில்கள் எவை, வாவிக்கரைக்கு அவற்றில் எது பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல் போன்றவற்றுள் ஒன்றிலேனும் இடர்ப்பாடு உடையவர்கள். எண்ணிக்கையில் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். இவர்களுள் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 71 வீதமானோர் பொருளாதாரச் செயற்பாட்டில் இல்லாதவர்கள். அதாவது வேலை செய்பவர்களும் அல்லர், வேலை தேடுபவர்களும் அல்லர். முதியோர் பலர் இக்கணக்கில் அடங்குவர் என்பதை ஒதுக்கிவிட முடியாது. எனினும் தேடுவதையே கைவிட்ட இளையோரும் இதே தொகைக்குள் மறைந்துபோகிறார்கள் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

வாவிக்கரையில் ஊனத்தின் காரணங்கள் பல அடுக்குகளாக இருக்கின்றன. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் கால் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் சன்னம் பாய்ந்தவர்களும் இன்று நாற்பது, ஐம்பது வயதில் நிற்கிறார்கள். பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத பிள்ளைகள் விசேட பாடசாலைகளில் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். மனநோய்க்கு ஒழுங்காக மருந்து எடுத்து நன்றாக இருக்கும் இளைஞர்களை ஊர் இன்னும் பழைய கண்ணோடுதான் பார்க்கிறது. இப்போது புதிய அடுக்கு ஒன்றும் சேர்ந்துவிட்டது: சலரோகப் புண்ணால் கால் எடுக்கப்பட்டவர்கள், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே வரியில் எழுதி ஒரே உதவியைக் கொடுப்பதிலிருந்துதான் பிழை தொடங்குகிறது. காது கேளாத இருபது வயது இளைஞனுக்குத் தேவை வேலையைக் கையால் காட்டிக் கொடுக்கும் ஒரு மேற்பார்வையாளர். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஒரு கழிப்பறை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்பச் சொன்னது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அவற்றை வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. இவ்வளவு இருந்தும் தனியார் துறைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. அரசின் 3 வீதம் சுற்றறிக்கையாகவே நிற்கிறது. அது நிரப்பப்பட்டதா என்று ஆண்டுதோறும் கேட்டு, இல்லையென்றால் பதில் சொல்ல வைக்கும் ஏற்பாடு அதற்குள் இல்லை.

போரில் காயப்பட்டவர்களை என்ன செய்வது என்ற கேள்வி உலகில் பழையது. முதல் உலகப்போருக்குப் பின் கை கால் இழந்து ஊர் திரும்பியவர்களுக்காகவே ஜெர்மனி 1920இல் வேலை ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. இன்று அங்கு 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனம் 5 வீத இடத்தை ஒதுக்க வேண்டும், தவறினால் பணம் கட்ட வேண்டும். இலங்கை அரசுக்கும் இந்த அறிவு இல்லாமலில்லை. காயமடைந்த படையினருக்கு ஊதியமும் ஓய்வூதியமும் தொடர்ந்தன. ரணவிரு சேவை அதிகாரசபை 1999இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. யக்கலவில் அவர்களுக்கென்றே இராணுவம் ஓர் ஆடைத் தொழிற்சாலையை நடத்தியது. ஒரு கால் இல்லாதவர் எந்த மெஷினில் எப்படி உட்காரலாம் என்று யோசித்து ஒரு தொழிற்சாலையை அமைக்க அரசால் முடிந்திருக்கிறது. அதே போரில் கால் இழந்த கொக்கட்டிச்சோலை விவசாயிக்கும் வாகரை மீனவருக்கும் அந்த யோசனை நீளவில்லை. இது திறமை பற்றிய கேள்வியே அல்ல. யாரைத் தன் பொறுப்பென்று அரசு கருதியது என்ற கேள்வி.

இனி நிலத்துக்கு வருவோம். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரை: பெருந்தெரு, ஆஸ்பத்திரி, வங்கி, கடைத்தெரு, கச்சேரி எல்லாம் இந்தப் பக்கம். மேற்கே படுவான்கரை: வயலும் மாடும் குளமும். வேலை ஒரு கரையில், வேலை தேவைப்படும் மனிதர் மறு கரையில். 2014இல் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலை மக்கள் அத்துறையில் "பாதை" ஏறித்தான் வந்தார்கள். மிதவை மேல் பலகை அடித்த பாதையில் மோட்டார் சைக்கிளும் மாடும் மனிதரும் ஒன்றாக நிற்பார்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் பாதைப் பயணம் பழகிப்போன ஒன்று. செயற்கைக் கால் போட்ட ஒருவர் ஈரப் பலகையில் கால் வைக்கும்போது என்ன நடக்கும் என்பதை எந்தத் தொழிற்பயிற்சித் திட்டமும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. நீர் ஏறும் மாரி மாதங்களில் கரையோர வழிகள் சேறாகிவிடும். சக்கர நாற்காலி அந்த மணலிலும் சேற்றிலும் ஓடாது. தனியார் பஸ் நிற்கும் நேரத்தில் ஊன்றுகோலோடு ஏறிவிட முடியாது.

ஆகவே இந்தப் பிரதேசத்தில் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் முதல் கேள்வி "அவருக்கு என்ன வேலை தெரியும்?" என்பதாக இருக்கக் கூடாது. "காலை எட்டு மணிக்கு அவர் எப்படி வந்து சேர்வார்?" என்பதாக இருக்க வேண்டும். ஆடைத் தொழிற்சாலைகள் ஊர் ஊராகப் பஸ் அனுப்பித்தான் பெண் பிள்ளைகளை ஏற்றிப் போகின்றன. ஆள் வேண்டுமென்றால் வாகனம் அனுப்பத்தான் வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். அதே பஸ்ஸில் ஒரு தாழ்ந்த படியும் ஒரு கைபிடியும் வைப்பது பெரிய செலவல்ல. அல்லது வேலைத்தலத்தையே படுவான்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படி வேலைத்தலத்தை மனிதரிடம் கொண்டுபோன முயற்சிகள் உலகில் பலவிதம். ஆகப் பழையது தனிப் பட்டறை. பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த ரெம்ப்ளோய் நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை 1946இல் வேல்ஸில் தொடங்கியது. காயப்பட்ட சுரங்கத் தொழிலாளரும் போர்வீரரும் அங்கே மரத்தளபாடம் செய்தார்கள். அரச பணத்தில் ஓடிய அந்தத் தொழிற்சாலைகளில் கடைசியானவை 2013இல் மூடப்பட்டன. மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கி வைப்பது தவறு என்ற கொள்கையும், செலவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கும் அந்த முடிவில் ஒன்றாகக் கலந்திருந்தன. வெளியே வந்த எல்லாருக்கும் வேறு வேலை கிடைத்துவிடவில்லை. ஐ.நா. சமவாயக் குழு 2022இல் வெளியிட்ட 8ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையும் ஒதுக்கப்பட்ட பட்டறைகள் சமவாயத்துக்கு ஒவ்வாதவை என்றே சொல்கிறது.

அந்தக் கருத்துரையின் நியாயம் எனக்குப் புரிகிறது. பயிற்சி என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக ஒருவரை வைத்திருந்து, சம்பளத்துக்குப் பதில் சிறு கொடுப்பனவு கொடுத்து, மெழுகுதிரியும் வாழ்த்து அட்டையும் செய்யவைத்து, நத்தாருக்கும் தீபாவளிக்கும் இரக்கத்தின் பேரில் விற்கும் இடங்கள் நம் நாட்டிலும் உண்டு. ஆனால் பட்டறை எல்லாமே அப்படியல்ல. வேலூருக்கு அருகே காட்பாடியில் 1963இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி நிலையம், பின்னர் வொர்த் அறக்கட்டளையாக வளர்ந்தது. அங்கே இரும்பு கடைகிறார்கள், பிளாஸ்டிக் வார்க்கிறார்கள், வாகனக் கம்பனிகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கிறார்கள், பார்வையற்றோர் பயன்படுத்தும் பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறியையும் செய்கிறார்கள். வாகனக் கம்பனிக்குப் போகும் பாகத்தில் நூலிழை பிசகு இருந்தால் அது திரும்பி வந்துவிடும். செய்தவர் யார் என்று பார்த்து எவரும் இரங்கமாட்டார்கள். அந்தக் கண்டிப்புத்தான் அந்தப் பட்டறைக்கு மரியாதை. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் வேறு வகையானது. கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். சிகிச்சை, பாடசாலை, பயிற்சி, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரு கிராமத்துக்குள்ளேயே அவர் சேர்த்தார். எழுவான்கரையின் ஆஸ்பத்திரிக்கு எட்டாத படுவான்கரை மக்களுக்கு ஆய்க்குடியின் பாடம் பெரிது.

மறுபுறம், தனிப் பட்டறையே வேண்டாம், எல்லாரும் வேலைசெய்யும் இடத்தில் இவர்களும் வேலைசெய்யட்டும் என்று போன கம்பனிகள். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை 1980களின் பிற்பகுதியில் ஆரம்பமான காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை எடுத்தது. கடிகாரம் பூட்டுவது உட்கார்ந்து, விரலாலும் கண்ணாலும் செய்யும் வேலை; நடக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. ஜப்பானின் பெப்பு நகரில் டாக்டர் யுட்டாக்கா நகமுரா 1965இல் தொடங்கிய "சூரிய இல்லம்" இன்னும் ஒரு படி மேலே போனது. அறுவைச் சிகிச்சை நிபுணரான அவர், தான் சிகிச்சை செய்து அனுப்பியவர்கள் வீட்டில் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து, பெரிய கம்பனிகளின் வாசலில் போய் நின்றார். 1972இல் ஒம்ரொன் கம்பனி அவருடன் கூட்டாக ஒரு தொழிற்சாலை அமைத்தது. பின்னர் சோனியும் ஹொண்டாவும் வந்தன. அவை இலாபம் தரும் கம்பனிகளாக நடந்தன. ஜப்பானில் தனியார் கம்பனிகளுக்கான ஒதுக்கீடு 2024 ஏப்ரலில் 2.5 வீதமாக உயர்ந்தது; 100 பேருக்கு மேல் உள்ள கம்பனி அதை நிரப்பாவிட்டால் குறையும் ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். சட்டம் ஒரு பக்கம் தள்ள, நகமுரா போன்ற ஒருவர் மறுபக்கம் இழுக்க வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பெப்பு உருவாகியிராது என்பது என் எண்ணம்.

நம் தெருவோரத்தில் தினமும் காணும் ஒரு தொழிலோடு ஸ்பெயின் நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். லொத்தர் சீட்டு விற்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர் என்பது எல்லாருக்கும் தெரியும். வெயிலிலும் மழையிலும் நாள் முழுவதும் நின்று விற்றாலும் அவர்களுக்குக் கிடைப்பது கமிஷன் மட்டுமே. ஸ்பெயினில் 1938இல் தொடங்கிய ஓன்செ என்ற பார்வையற்றோர் அமைப்பு லொத்தர் நடத்தும் உரிமையையே தன் கையில் எடுத்துக்கொண்டது. அங்கே சீட்டு விற்பவர் அந்த அமைப்பின் ஊழியர். சம்பளமும் சமூகப் பாதுகாப்பும் உண்டு. விற்கும் சீட்டு ஒன்றுதான், நிற்கும் தெருவும் ஒன்றுதான். யாருடைய பெயரில் தொழில் நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

வாவிக்கரைத் தொழில்களுக்குள் இந்த அனுபவங்களை எங்கே பொருத்துவது? கைத்தறியிலிருந்து தொடங்குவேன். காத்தான்குடியும், தெற்கே மருதமுனையும் நெசவுக்குப் பெயர்போனவை. தறியில் இருப்பவர் மிதியை மாறி மாறி மிதித்து, நாடாவை ஓட்டி, துணியை நெய்கிறார். இதை ஒரே ஆளின் வேலை என்று பார்த்தால் கால் இல்லாதவருக்கு இடமில்லை. ஆனால் தறிக்கு வருமுன் எத்தனை வேலை! சாயம் தோய்க்க வேண்டும், சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்து இராட்டையில் சுற்ற வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். நெய்த பின் ஓரம் பார்க்க வேண்டும், அறுந்த இழையை முடிச்சுப் போட வேண்டும், குஞ்சம் கட்ட வேண்டும், மடித்து அடுக்க வேண்டும். தார் சுற்றுவது முழுக்க முழுக்க விரல் அறியும் வேலை. இழை அறுந்தால் பார்வையுள்ளவரின் கண்ணுக்குப் படுமுன் பார்வையற்றவரின் விரலுக்குத் தெரிந்துவிடும். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காத இடத்தில், காது கேளாதவருக்கு எந்தக் குறையும் இல்லை. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர் ஒருவர், ஒரே அளவில் துணி மடிக்கும் வேலையைப் பழகிக்கொண்டால் மற்றவர்களைவிடப் பொறுமையாகச் செய்வார். மிதிக்குப் பதில் கையால் மாற்றும் ஓர் ஏற்பாட்டைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டால் சக்கர நாற்காலிக்காரரும் தறியில் அமரலாம். வேலையைப் பிரித்துப் பார்க்கும் இந்தக் கண்ணை ஒரு நெசவுசாலை உரிமையாளர் பெற்றுவிட்டால் பாதித் தடை அங்கேயே விலகும்.

வேறு தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். இறால் உரிப்பதும் வலை பொத்துவதும் இருந்த இடத்தில் செய்யும் வேலைகள். அரிசி மா, மிளகாய்த் தூள் பொதியிடும் சிறு ஆலைகள் ஊருக்கு ஊர் உண்டு. நிறுப்பது, அடைப்பது, லேபல் ஒட்டுவது என்று அவற்றைப் பிரிக்கலாம். பாசிக்குடாவின் ஹோட்டல்களில் சலவை, சமையலறை, தோட்டம், அறை ஒழுங்கு என்று எத்தனையோ பிரிவு. இந்தியாவின் லெமன் ட்ரீ ஹோட்டல்கள் 2007 முதல் செவிப்புலனற்றோரை வேலைக்கு எடுத்து, பின்னர் விருந்தினருக்கு உணவு பரிமாறும் வேலையையும் கொடுத்து, அவர்களோடு பேச மற்ற ஊழியருக்குச் சைகை மொழியும் கற்பித்தன. படித்தவர்களுக்குக் கணினி உண்டு. பார்வையற்ற அவுஸ்திரேலியர் இருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் உள்ள தமிழையும் வாசித்துக் காட்டும். பார்வையற்ற பட்டதாரிகளுக்கு ஆசிரியத் தொழிலே கதி என்றிருக்கும் நிலை மாற இது போதிய கருவி. அதை ஏற்று வேலை கொடுக்கும் அலுவலகம்தான் இன்னும் வேண்டும்.

கூட்டுறவு வழியும் உண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் துணையோடு வவுனியா வடக்கில் அமைந்த பழச் செய்கையாளர் கூட்டுறவு, ரெட் லேடி பப்பாசியை ஏற்றுமதிக் கம்பனிக்கு விற்றது; பெண் தலைமைக் குடும்பங்களோடு மாற்றுத்திறனாளிகளும் அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பலம் கொடுத்தது கன்று வழங்கியது மட்டுமல்ல, காய்த்ததை வாங்குவதற்குக் கம்பனி ஒன்று முன்னமே இருந்ததும்தான். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாமே கூடி நடத்தும் உயிரிழை அமைப்பு, படுக்கைப் புண் பராமரிப்பையும் தொழிலையும் சேர்த்தே கவனிக்கிறது. இந்த இரண்டும் நமக்கு அடுத்த மாகாணத்தில் நடந்தவை. பெப்புவுக்குப் போய்ப் படிக்க முடியாதவர் மாங்குளத்துக்குப் போகலாம்.

வேலை கொடுப்பவர்களின் தயக்கங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். "டார்கெட் பிடிபடாது", "விபத்து நடந்தால் யார் பொறுப்பு", "மற்றப் பிள்ளைகள் குறை சொல்லுவார்கள்" என்பார்கள். முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு; சில வேலையில் சிலர் மெதுவாகத்தான் செய்வார்கள். அதற்கு வேலையை மாற்றிக் கொடுப்பதே பதில், ஆளை அனுப்பிவிடுவது அல்ல. மற்றவை அனுபவமில்லாத பயம். இலங்கை முதலாளிமார் சம்மேளனம் 2000ஆம் ஆண்டளவில் இதற்கென்றே ஒரு வலையமைப்பை உருவாக்கி, கொழும்பில் வேலைவாய்ப்புச் சந்தைகள் நடத்தியது. மட்டக்களப்பின் நெசவுசாலை, அரிசி ஆலை, பேக்கரி முதலாளிமாருக்கு இப்படிக் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். ஒரு முதலாளி சொல்வதை இன்னொரு முதலாளி நம்புவார். அதிகாரி சொல்வதை அவ்வளவு நம்பமாட்டார்.

வீட்டுக்குள்ளும் தடை உண்டு, பெண் பிள்ளை என்றால் இன்னும் அதிகம். "என்ட புள்ளைக்கு ஒன்டு நடந்தா ஆரு பதில் சொல்ற?" என்று கேட்கும் தாயிடம் உரிமைச் சட்டத்தை எடுத்து வாசிப்பதில் பயனில்லை. அவள் கேட்பதற்கு உண்மையான பதில் வேண்டும்: பஸ்ஸில் கூட வருபவர் யார், கழிப்பறைக்குக் கதவும் கைபிடியும் உண்டா, மாதவிலக்கு நாளில் யாரிடம் சொல்வாள், கையைப் பிடிக்கும் மேற்பார்வையாளரை யார் தட்டிக் கேட்பது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கும் வேலைத்தலம் எல்லாப் பெண்களுக்கும் நல்ல வேலைத்தலமாகத்தான் இருக்கும்.

தாயின் மனதில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்து மாற்றுத்திறனாளிக்கு அரசு கொடுக்கும் மாதக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. தனியார் துறைக்குரிய தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகி, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். பார்வைக்குச் சம்பளம் மும்மடங்கு. ஆனால் சம்பளம் நின்றுபோகலாம், தொழிற்சாலை மூடலாம். குடும்ப வருமானம் கூடிவிட்டது என்று கொடுப்பனவிலிருந்து பெயர் வெட்டப்பட்டால் மறுபடி பதிவதற்கு எத்தனை முறை பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் நன்றாக அறியும். பத்தாயிரத்தை இறுகப் பிடித்திருப்பது சோம்பல் அல்ல, முன்யோசனை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுப்பனவு நிற்காது, வேலை போனால் புதிய விண்ணப்பம் இல்லாமலே தொடரும் என்று எழுத்தில் ஓர் உறுதி இருந்தால் இந்தப் பயம் பாதியாகும். ஊனத்துக்கென்று ஆகும் செலவு, அதாவது ஆட்டோக் கூலி, மருந்து, செயற்கைக் காலின் பழுது எல்லாம், சம்பளம் வந்தாலும் நிற்பதில்லை. எனவே கொடுப்பனவின் ஒரு பகுதியையாவது வருமானத்தைப் பார்க்காமல் கொடுப்பதே நியாயம்.

ஒரு திட்டம் வெற்றியா என்று பார்க்க என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்கு மெஷின் என்று அறிக்கை எழுதுவதை விட்டுவிட்டு, எத்தனை மாற்றுத்திறனாளிகளுக்கு ஊழியர் சேமலாப நிதி இலக்கம் கிடைத்தது என்று கேட்க வேண்டும். வேலை கொடுப்பவர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டும் அந்த நிதியில், 1958 முதல் இந்நாட்டின் உழைப்பாளிகள் பதிவாகிறார்கள். அதில் பெயர் ஏறியவர் உதவி பெறுபவர் அல்லர், ஊழியர். ஆறு மாதம் கழித்தும் அந்த இலக்கத்தில் காசு ஏறுகிறதா என்று பார்த்தால், வேலை நிலைத்ததா என்பதும் தெரிந்துவிடும்.

காசு எங்கிருந்து வரும் என்றால், புதிய நன்கொடையைவிட ஏற்கெனவே செலவாகும் அரச பணத்தையே நான் காட்டுவேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் நோயாளர் உடையும், அலுவலகக் கோப்பு உறையும், பாடசாலைச் சத்துணவுக்கான மாவும் ஆண்டுதோறும் வாங்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பங்கை, மாற்றுத்திறனாளிகளைக் குறைந்தபட்சச் சம்பளத்தோடும் சேமலாப நிதியோடும் வேலைக்கு வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனங்களிடமே வாங்குவது என்று மாவட்ட மட்டத்தில் முடிவெடுத்தால், படுவான்கரையில் ஒரு தையல் நிலையத்துக்கோ நெசவு நிலையத்துக்கோ முதல் மூன்று வருட ஓடர் உறுதியாகிவிடும். தரம் குறைந்தால் திருப்பி அனுப்பட்டும், காட்பாடிக்கு அனுப்புவதைப் போல. அந்த நிலையத்தில் மாற்றுத்திறனாளிகள் மட்டும் இருக்கவும் வேண்டாம். ஊர்ப் பெண்களும் பக்கத்து மெஷினில் இருக்கட்டும், ஒரே பஸ்ஸில் வரட்டும், ஒரே நாளில் ஒரே கவுண்டரில் சம்பளம் எடுக்கட்டும். முன்பு கொடுக்கப்பட்டு வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் தையல் மெஷின்களைப் பிரதேச செயலகங்கள் கணக்கெடுத்தால், அந்த நிலையத்தின் முதல் வரிசைக்கு மெஷின் தேட வேண்டியிருக்காது.